ஏமாற்றிய ஏடுகள்

"நன்றாக இல்லை!" - இரண்டே சொற்கள். ஆனால், புகழ்பெற்ற நூலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு சொற்களைச் சொல்லிவிட நம்மவர் படும் பாடு இருக்கிறதே, அது பெரும்பாடு! உணவு விடுதியில் சாம்பார் புளித்துவிட்டால் உடனே சொல்கிறோம். தைத்து வந்த சட்டை தோளில் பிடித்தால் தையற்காரரிடமே திருப்பிக் கொடுக்கிறோம். காசு கொடுத்து வாங்கி, பத்து இரவு கண்விழித்துப் படித்த நூல், கடைசிப் பக்கத்தில் நம்மைக் கைவிட்டால் மட்டும், "எனக்குத்தான் விளங்கவில்லை போலும்" என்று நம்மையே நொந்துகொள்கிறோம். நாலு பேர் நடுவிலோ, "ஆகா, அற்புதம்!" என்று தலையாட்டுகிறோம்.

அந்தத் தலையாட்டலை ஒரு நாளைக்காவது நிறுத்தி வைப்போம் என்றுதான், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பதின்மூவர் செண்பகத்தோப்பில் கூடினோம். திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை இறங்கி வந்து மாந்தோப்புகளைத் தொடும் இடம் அது. சாம்பல் நிற அணில்களுக்கென 1988-இல் அரசு சரணாலயம் அமைத்த காடு. 2021 முதல் புலிகள் காப்பகத்திலும் சேர்ந்துவிட்டது. காட்டழகர் கோயிலுக்குப் போகிறவர்கள் மலைப்பாதையில் போனார்கள். நாங்கள் வனத்துறையின் தடுப்புக்கு இப்பாலேயே, தோழர் ஒருவரின் தோப்பில் அமர்ந்தோம். இராசபாளையம் நூற்பாலைத் தொழிலாளர் இருவர். சத்திரப்பட்டியில் மருத்துவத்துக்கான கட்டுத்துணி நெய்யும் விசைத்தறித் தோழர் ஒருவர். கல்லூரி மாணவர் சிலர். பள்ளி ஆசிரியை ஒருவர். கழகக் கொடி பிடித்தே தலை நரைத்த பெரியவர் ஒருவர். புலவர் எவரும் இல்லை. பொழுது கிடைத்தால் படிப்பவர்கள், அவ்வளவே.

விதி ஒன்று வகுத்துக்கொண்டோம். ஊர் புகழும் நூலாக இருக்க வேண்டும். முழுதும் படித்திருக்க வேண்டும். எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று இடம் சுட்டிச் சொல்ல வேண்டும். பகைவர் நூலைத் திட்டுவது எளிது. திட்டுவதற்கென்றே படிக்கிறவன் ஏமாறுவதில்லை. நம்பிப் படிக்கிறவன்தான் ஏமாறுகிறான். ஆகவே, நம்பிப் படித்த நூல் எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்றோம்.

இதற்கு ஒரு கூட்டமா என்று கேட்பீர்கள். தோழர்களே, நம் நாட்டில் ஏடு என்பது படிப்பதற்கான பொருளாக இருந்த காலத்தைவிடப் பணிவதற்கான பொருளாக இருந்த காலமே நீண்டது. புராணம் சொல்லுகிறவர் மேடையில்; கேட்கிறவர் தரையில். கேள்வி கேட்பதற்கு அங்கே இடமில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு மட்டுமே இடம். இன்றுங்கூடச் சரசுவதி பூசையன்று என்ன செய்கிறோம்? புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் தடவி, பூச்சூட்டி, "இன்று தொடாதே, படிக்காதே" என்கிறோம்! கல்விக்குரிய தெய்வம் என்கிறார்கள். அந்தத் தெய்வத்தின் நாளில் படிப்புக்கு விடுமுறை! புராணத்திடமிருந்து விடுபட்டுவிட்டோம் என்று மார்தட்டும் நாம், நாவலுக்கும் நாடகத்துக்கும் அதே சந்தனத்தைத் தடவுவது முறையா?

முதலில் எழுந்தவர் ஒரு மாணவர். அவர் கையில், தமிழின் முதல் நாவல் என்று பாடநூல் புகழும் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. முன்சீபாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதி 1879-இல் அச்சேறியது. "கதை நடந்துகொண்டே இருக்கிறது, திடீரென்று நின்று, நீதி சொல்ல ஒரு குட்டிக்கதை, அது முடிந்ததும் இன்னொன்று. பேருந்து ஒவ்வொரு மைல் கல்லிலும் நின்றால் எப்படி?" என்றார். அத்துடன் நிற்கவில்லை. ஞானாம்பாள் அறிவுள்ளவள், நாடாளத் தெரிந்தவள், ஆளவும் செய்கிறாள். ஆனால் ஆணுடை அணிந்து, ஆணென்று நம்ப வைத்துத்தான் ஆளுகிறாள். வேடம் கலைந்ததும் அரசும் போய்விடுகிறது, இல்லத்தரசியாகத் திரும்புகிறாள். "பெண் ஆளலாம் என்று ஆசிரியருக்குத் தெரிகிறது, பெண்ணாகவே ஆளலாம் என்று எழுதக் கை வரவில்லை" என்றார் அந்த மாணவர். 1879-ஐ நினைத்துப் பார்த்தால் அந்த வேடமே பெரிய துணிச்சல் என்பது என் எண்ணம். அன்றைய நாளில் பெண்கல்விக்காக வாதாடியவர் அவர். ஆனால் மாணவர் சொன்னதில் ஒரு பொறி இருந்தது. அன்று மாலை வரை அது அணையவில்லை.

அடுத்து, 'கமலாம்பாள் சரித்திரம்'. எடுத்தவன் நான்தான். வத்தலக்குண்டு இராசமையர் 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' என்னும் இதழில் எழுதிய தொடர். அதன் முற்பாதியைப் படித்தவர் யாரும் மறக்க மாட்டார். சிறுகுளம் என்னும் ஊர் கண்முன் எழுகிறது. வம்பளக்கும் பெண்கள் கூட்டம் கூடுகிறது. அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் புலவர் வருகிறார், வயிறு குலுங்குகிறது. அக்கிரகாரத்தின் பொறாமையை, பொய்மையை, அக்கிரகாரத்துப் பிள்ளையே இவ்வளவு நேர்மையாக எழுதினாரே என்று நான் வியந்ததுண்டு. வியப்பை மறைப்பானேன்? நல்லதை நல்லதென்று சொல்லாதவன் தீயதைத் தீயதென்று சொல்லும் உரிமையை இழக்கிறான்.

அப்படி வியந்துகொண்டே போனேன். நூலுக்கு ஆசிரியர் வைத்த இன்னொரு பெயரிலேயே 'அபவாதம்' என்னும் சொல் இருக்கிறது. குற்றமற்ற ஒரு மனைவி மீது ஊர் பழி தூற்றுகிறது. கணவன் முத்துசாமி ஐயர் உள்ளம் கலங்குகிறார். வீட்டை விட்டுப் போகிறார். கேள்வி நெருப்பாய் எழுகிறது: நாலு பேர் நாக்கு அசைந்தால் ஒரு பெண்ணின் வாழ்வு சரிய வேண்டுமா? இத்தனை ஆண்டு உடன் வாழ்ந்தவன், அவளிடமே ஒரு சொல் கேட்டிருக்கக் கூடாதா? ஆசிரியர் விடை சொல்வார் என்று பக்கம் புரட்டினேன். வந்தது விடையன்று, வேதாந்தம்! குரு ஒருவர் வருகிறார். உலகம் மாயை ஆகிறது, பழி மாயை, பழி சொன்னவரும் மாயை, அழுதவள் கண்ணீரும் மாயை. கண்ணீரைத் துடைப்பதைவிடக் கண்ணீரே இல்லை என்று சொல்லிவிடுவது எளிதல்லவா?

இராசமையர் 1898-இல், 26 வயதில் மறைந்தார். இன்னும் இருபது ஆண்டு இருந்திருந்தால் எப்படிப்பட்ட நூல்களைத் தந்திருப்பாரோ என்று ஏங்கத்தான் தோன்றுகிறது. அந்த ஏக்கத்துக்காக, பிற்பாதி என்னைக் கைவிட்டது என்பதை மறைக்க முடியுமா?

நூற்பாலைத் தோழர் ஒருவர் 'பொன்னியின் செல்வன்' பற்றிப் பேசினார். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதியது. 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகத் திரைக்கு வந்த பிறகு, புதிதாய்ப் படிக்கத் தொடங்கியவர் இராசபாளையத்திலும் பலர். இவர் இரவுப் பணியின் இடைவேளைகளிலேயே ஐந்து பாகத்தையும் முடித்தவர். "குதிரையின் வேகத்தில் போகிறது. மறுக்கவில்லை. ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? விளக்கை அணைத்துவிட்டு, கத்தி யார் கையில் என்று தெரியாமலே முடித்தால், நான் ஐந்து பாகம் ஓடியது எதற்கு?" இதே குறையை அந்நாளிலேயே பலர் எழுதிக் கேட்டிருக்க வேண்டும். நூலின் முடிவுரையில் வாசகர்களின் கேள்விகளுக்குக் கல்கி மறுமொழி கூறுகிறார். பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். விருந்து முடிந்து இலை எடுத்த பிறகு, சொல்ல மறந்த பண்டங்களின் பட்டியலைப் படித்ததுபோல் எனக்கு இருந்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்கள் அதில் உள்ளன. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன்! பிரமாதிராசன் என்பது அரசுப் பணியில் உயர்ந்த அந்தணருக்குச் சோழர் கொடுத்த பட்டம். கல் பெயரைச் சொல்கிறது. கதையில் ரவிதாசன் வருகிறான், சதி செய்கிறான், ஆனால் கொலை நடக்கும் நொடியில் இருட்டு. பட்டத்தை மறைக்கவே இருட்டாக்கினார் என்று நான் குற்றம் சாட்டமாட்டேன். அதற்குச் சான்றில்லை, சான்றின்றிச் சாடுவது நம் வழியன்று. ஆனால் கல் வாய் திறந்த இடத்தில் கதை வாய் மூடிக்கொண்டது என்பது மட்டும் உண்மை.

பிறகு ஆசிரியை எழுந்தார். அவர் எடுத்ததும் கல்கிதான். 'சிவகாமியின் சபதம்', 1944 முதல் 1946 வரை வந்த தொடர். "பதினைந்து வயதில் படித்தேன். அந்த வயதில் சிவகாமியாகவே திரிந்தேன்" என்று தொடங்கினார். ஆயனச் சிற்பியின் மகள், ஆடலில் இணையற்றவள், பகைவன் கையில் சிக்கி வாதாபியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறாள். அந்த நகரம் எரிந்த பிறகே வெளிவருவேன் என்று சூளுரைக்கிறாள். எரிகிறது. திரும்பி வருகிறாள். அவளை விரும்பிய மாமல்லனோ பாண்டியன் மகளை மணந்து, மக்களும் பெற்று அரியணையில் இருக்கிறான். அவன் வாழ்வு நிற்கவில்லை. நாடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள், மக்கள் இருக்கிறார்கள். சிவகாமிக்கு? ஏகாம்பரநாதர் கோயில்! இறைவனையே கணவனாக வரித்து அவன் முன் ஆடுவதோடு கதை முடிகிறது.

"பதினைந்து வயதில் அழுதேன். முப்பது வயதில் மறுபடி படித்தேன், அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது" என்றார் அவர். "இந்த முடிவுக்கு நாட்டில் ஒரு பெயர் உண்டே! பொட்டுக்கட்டுதல் என்பார்களே! அதைத்தானே அழகான தமிழில், கண்ணீர் மல்க எழுதியிருக்கிறார்!"

தோப்பில் சற்று நேரம் பேச்சில்லை.

ஆண்டுகளைப் பாருங்கள், தோழர்களே. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்க, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாக 1947 ஆயிற்று. இடைப்பட்ட காலமெல்லாம், கலை அழியும், மரபு அழியும் என்று கூக்குரல். சட்டம் வருவதற்கு முந்தின ஆண்டில் முடிகிறது இந்தத் தொடர். முடிவில், ஒரு நடனப் பெண் தானே விரும்பிக் கடவுளுக்கு மனைவியாகிறாள். ஆசிரியர் எண்ணி எழுதினாரா, எண்ணாமல் எழுதினாரா என்பது என் ஆராய்ச்சியன்று. எண்ணாமல் எழுதியிருந்தால் அது இன்னும் கவலைக்குரியது. மரபு அவ்வளவு இயல்பாய்ப் பேனாவுக்குள் புகுந்திருக்கிறது என்றல்லவா பொருள்!

அதே கொடுமையைப் பற்றி வேறொரு நூலும் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. அந்தக் கொடுமைக்குள்ளேயே பிறந்து, வெளியேறி, அதை எதிர்த்துத் தெருத்தெருவாய்ப் போராடிய அம்மையார். அழகு என்று பார்த்தால் கல்கியின் பக்கம் நிற்காது. பாத்திரங்கள் நீளநீளமாய்ப் பேசுகின்றன. கட்டுக்கோப்பு தளர்ந்து கிடக்கிறது. ஆனால் அது என்னை ஏமாற்றவில்லை. தொடக்கத்தில் எதைக் கேட்டதோ அதையே முடிவிலும் கேட்கிறது. கதைப்பெண்ணைக் கருவறைக்குள் அனுப்பிவிட்டு விளக்கை அணைப்பதில்லை.

ஆசிரியை திருவில்லிபுத்தூர்க்காரர். ஊரின் உயர்ந்த கோபுரம் தெரியும் தெருவில் வளர்ந்தவர். அவர் மேலும் சொன்னார்: "எங்கள் ஊர்க் கதையும் இதே முடிவுதான். ஆடிப்பூரத்துத் தேரோட்டம் தோறும் கேட்டு வளர்ந்தேன். கோதை அரங்கனோடு கலந்தாள் என்பார்கள். பிறகு பாட்டைப் படித்தேன். நாச்சியார் திருமொழி, 143 பாட்டு. தன் உடலைப் பற்றி, தன் விருப்பத்தைப் பற்றி இவ்வளவு கூசாமல் பேசிய பெண்குரலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பாட்டு என்னை ஏமாற்றவில்லை. பாட்டைச் சுற்றிக் கட்டிய கதைதான் ஏமாற்றியது. அவ்வளவு பேசியவள் கடைசியில் என்ன ஆனாள் என்று கேட்டால், கரைந்துவிட்டாள் என்கிறார்கள்!"

இதைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்தார். "இதை நீ தேரடியில் சொல்ல முடியுமா அம்மா? இங்கே, அணில் கேட்கச் சொல்கிறாய்!" என்றார். அவர் சொன்னதில் பொருள் இருந்தது. 2018 சனவரி 7 அன்று, அடுத்த ஊரான இராசபாளையத்தில், தினமணி ஏட்டின் சார்பில் நடந்த விழாவில், கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். மறுநாள் அது அச்சில் வந்தது. ஆண்டாளின் குலம் பற்றி ஆய்வு நூலொன்றிலிருந்து அவர் எடுத்துக்காட்டிய ஒரு வாசகத்துக்காக எழுந்த கொந்தளிப்பு நினைவிருக்கும். அவர் வருத்தம் தெரிவித்தார்; ஏடும் வருத்தம் தெரிவித்தது. அப்படியும் அடங்கவில்லை, திருவில்லிபுத்தூரில் சீயர் உண்ணாநோன்பு இருந்தார்.

"அந்தக் கட்டுரையும் எனக்கு ஏமாற்றந்தான் ஐயா," என்றார் ஆசிரியை அமைதியாக. "அவள் பாட்டே கையில் இருக்கும்போது, அவள் யார் என்பதற்கு எவரோ எழுதிய ஒரு வரியை ஏன் கடன் வாங்க வேண்டும்? ஆனால் கட்டுரை பிடிக்காவிட்டால் இன்னொரு கட்டுரை எழுதலாம். மன்னிப்புக் கேள் என்று முழங்குவது மறுமொழி ஆகுமா?" பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வழக்கில், 2016-இல், சென்னை உயர்நீதிமன்றமும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னது. ஒரு நூல் பிடிக்காதவர் அதை மூடி வைத்துவிடலாம். எழுதியவரை மூடி வைக்க முடியாது.

பெரியவர் கை தட்டினார். எல்லோரும் தட்டினோம். கூட்டம் இனிதே முடிந்திருக்கும். ஆனால் சத்திரப்பட்டித் தோழர் இன்னும் பேசவில்லை.

அவர் பையிலிருந்து எடுத்தது 'வேலைக்காரி'.

ஆம், அண்ணாவின் 'வேலைக்காரி'! மேடையில் முழங்கி, 1949-இல் திரைப்படமாகி நாட்டையே உலுக்கிய அதே நாடகம். "இதை இகழ வரவில்லை," என்றார் தோழர். "என் தாத்தா இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கழகத்துக்கு வந்தார். சமீன்தார் வேதாசல முதலியாரிடம் பட்ட கடனால் ஒரு தந்தை தூக்கில் தொங்குகிறார். மகன் ஆனந்தன் பழிவாங்க வருகிறான். அதுவரை என் நெஞ்சும் கொதிக்கிறது. ஆனால் பழிவாங்கும் வழி என்ன? ஆள் மாறாட்டம் செய்து, முதலியாரின் மகள் சரசாவை மணந்து, அவளை வதைக்கிறான்! கடன் கொடுத்தவர் அப்பன். அடி வாங்குகிறவள் மகள். அவளுக்கு அங்கே மனிதப் பிறவி என்ற மதிப்பு எங்கே? இன்னொன்று: வேலைக்காரி அமிர்தம், முதலியாரின் மகன் மூர்த்தியைக் கைப்பிடிப்பது எப்போது? செல்வர் ஒருவர், இறந்துபோன தம் மகளின் சாயலில் இருக்கிறாள் என்று அவளைத் தம் மகளாக்கிக்கொண்ட பிறகு! வேலைக்காரி வேலைக்காரியாகவே மணமேடை ஏற நாடகம் இடம் தரவில்லையே. ஞானாம்பாளுக்கு ஆண்வேடம், அமிர்தத்துக்குப் பணக்காரி வேடம்!"

காலையில் மாணவர் போட்ட பொறி இங்கே வந்து பற்றியது.

பெரியவர் முகம் சிவந்தது. "யாரைப் பேசுகிறாய் என்று தெரிந்து பேசு, தம்பி! அந்த நாடகம் வந்த காலம் என்ன? மூர்த்தியின் காதலி ஒரு வேலைக்காரி என்பதே வெடிகுண்டு! வகுப்பில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாயா?" குரல் ஓங்கியது. தேரடியில் பேச முடியுமா என்று சற்று முன் கேட்டவர் அவர்தான்!

காலத்தை மறக்கக் கூடாது என்பது சரி. நானே வேதநாயகம் பிள்ளைக்கு அந்தச் சலுகையைக் கொடுத்தேன். ஆனால் சலுகை என்பது பேசாதே என்பதன் மறுபெயர் ஆகலாமா? கம்பனை வரிக்கு வரி நிறுத்தி, 'கம்ப ரசம்' எழுதிக் காட்டியவர் யார்? ஆயிரம் ஆண்டுப் புகழுக்கு அஞ்சாதே, நூலைப் பார் என்று நமக்குக் கற்றுக் கொடுத்தவர் அவரல்லவா! 1943 பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக் கல்லூரியில் இரா. பி. சேதுப்பிள்ளையோடும், மார்ச் 14 அன்று சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும், கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் பற்றி அவர் சொற்போர் நிகழ்த்தினார். 'தீ பரவட்டும்' என்று அச்சில் இருக்கிறது. தலைப்பில் இருக்கும் தீயைப் பற்றி எனக்கு இன்று வேறு கருத்து உண்டு. ஏட்டை எரிக்கும் பேச்சை, மாதொருபாகன் எரிக்கப்பட்டதைக் கண்ட பிறகு, முன்போல் என்னால் சுவைக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சொற்போரில் எதிர்த்தரப்புக்கும் அதே மேடை, அதே ஒலிபெருக்கி. கம்பனைக் காக்க வந்தவரின் வாயை யாரும் அடைக்கவில்லை. அந்தப் பகுதி எனக்கு இன்றும் இனிக்கிறது.

நம் பாசறையில் பிறந்த கதைகள் எத்தனையோ என்னையும் ஏமாற்றியிருக்கின்றன. அன்று தோப்பில் சொல்லத் துணிவு வராததை இங்கே எழுதுகிறேன். பாத்திரம் வாய் திறந்ததும் மேடை விளக்கு எரிந்துவிடும். காதலி காதலனிடம் பேசமாட்டாள், பொதுக்கூட்டத்தில் பேசுவாள். பூசாரி என்றால் கயவன், புரட்சிக்காரன் என்றால் உத்தமன். முதற்பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடும். கருத்து நம்முடையது என்பதால் கை தட்டினேன். கருத்து பகைவருடையதாக இருந்திருந்தால், அதே எழுத்தை மரப்பாவைக் கூத்து என்றிருப்பேன்.

வெயில் இறங்கிவிட்டது. மலைப்பாதையிலிருந்து கோயிலுக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாயைச் சுருட்டும்போது பெரியவர் நெசவுத் தோழரிடம் கை நீட்டினார்.

"அந்தப் புத்தகத்தைக் கொடு."

"படித்ததில்லையா ஐயா?"

"படம் பதினாறு தடவை பார்த்திருக்கிறேன். வசனம் தலைகீழாகத் தெரியும். சரசாவை நினைத்துப் படித்ததில்லை."

அடுத்த மாதக் கூட்டத்தில் முதற்பேச்சு தமக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கொடுத்திருக்கிறோம். நெசவுத் தோழருக்கு மறுமொழி தருவாரா, துணைக்கு வருவாரா என்று கேட்டதற்கு, "படித்து முடிக்கவில்லை" என்கிறார்.